பிரான்ஸ் கிராமத்துப் பெட்ரோல் பங்கில் கார்டு ஓடாதபோது: என் அனுபவம்

லோசேர் மாவட்டத்தில் மாந்த், ஃப்ளோராக் பக்கம் ஞாயிறன்று பெரும்பாலான பங்குகளில் ஆள் இருக்காது. கார்டு செருகும் தானியங்கிதான். முதல் பங்கில் 20 யூரோவுக்குப் போட்டோம், டெபிட் கார்டு ஓடியது. அதன்பின் எங்கே செருகினாலும் மறுப்பு. கணக்கில் பணம் இருந்தது.

சிப்பைத் துடைத்தோம், பம்பை மாற்றினோம், அடுத்த ஊருக்கும் போனோம். பயணத்தில் சில நாள் இதிலேயே வீணானது.

வங்கிச் செயலியில் நிலுவைப் பகுதியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. 20 யூரோவுக்குப் பதில் 150 யூரோ முடங்கியிருந்தது! எரிபொருள் வரும் முன்பே தானியங்கி 100 முதல் 150 யூரோ வரை பிடித்துவைக்கும். அடுத்த பங்கும் அதே அளவு பிடிக்கப் பார்க்க, மீதிப் பணம் போதாமல் மறுத்திருக்கிறது. உண்மைத் தொகை பின்னால்தான் கழியும். மீதி விடுபட வங்கியைப் பொறுத்துச் சில நாள்கூட ஆகலாம். கார்டின் ரகசிய எண்ணை தானியங்கி ஏற்றுக்கொண்ட பிறகு நாசிலை (எரிபொருள் குழாயை) எடுக்கத் தாமதித்து ரத்தானாலும் முடக்கம் அப்படியே இருக்கக்கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு கணக்கிலிருந்து 150 யூரோ மாற்றி, கார்டின் தினசரி வரம்பையும் உயர்த்தினேன். உடனே ஓடியது, அப்பாடா!

நண்பர்களோடு போனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாமல் டேங்கை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் கார்டு. தொகையைக் கேட்கும் தானியங்கியாக இருந்தால் தேவையான அளவை மட்டும் அழுத்துங்கள், அவ்வளவுதான் முடங்கும்.