நின்ற பம்பை உடனே ஓட்டாதீர்கள்

சுங்கை சிப்புட் தோட்டத்தில் நான் முதலில் பார்த்த பம்பு, குளத்து நீரை ஏற்றிய சின்ன பம்பு. நின்றால் சுவிட்சை மறுபடி தட்டுவார்கள், ஓடிவிடும். அதே பழக்கத்தோடு நம் ஊர்த் தம்பிகள் திரங்கானுவின் கெர்த்தேயிலிருந்து, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போகிறார்கள். எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில் மூழ்கியபடி ஓடும் மின் மூழ்கு பம்புக்கு அந்தப் பழக்கம்தான் எமன்.

பம்பு நின்றதும், மேலேறிக்கொண்டிருந்த எண்ணெய்த் தூண் குழாய்வழியே கீழிறங்கிப் பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். திரவம் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு இல்லாத, அல்லது அந்த வால்வு கசிகிற கிணற்றில் இது நிச்சயம். அந்த நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் தண்டு முறியலாம். சுழற்சி அடங்கும்வரை காத்திருங்கள். மின்சுமை குறைந்து நின்றதா, கூடி நின்றதா என்று பதிவைப் படியுங்கள். குறைந்திருந்தால் வாயு அடைப்போ, கிணற்றில் திரவம் வற்றியதோ, தண்டு ஏற்கெனவே முறிந்ததோ காரணமாக இருக்கலாம். கூடியிருந்தால் மணலையும் உப்புப் படிவையும் சந்தேகிக்க வேண்டும். மின்கசிவைத் தடுக்கும் மின்காப்பையும் அளந்து பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் மூன்று முறை முயல்வது, மோட்டாரின் மின்காப்பை மூன்று முறை அடிப்பதுதான்.

அலாரம் அடிக்கும்வரை சென்சார் எண்களைப் பார்க்காமலிருப்பது அடுத்த தவறு. என் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், எந்த ரப்பர் மரத்து மங்கில், அதாவது பால் வடியும் கோப்பையில், பால் குறைந்துவருகிறது என்பதை நாள்தோறும் கவனித்துச் சொல்லிவிடுவார். கிணற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பம்பு திரவத்தை உறிஞ்சும் முனையின் அழுத்தம் மெல்ல ஏறி, உற்பத்தி இறங்கினால், வெளியேற்ற அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது கூடியிருந்தால் மேலே எங்கோ வால்வு மூடியிருக்கலாம். குறைந்திருந்தால் பம்பு தேய்ந்திருக்கலாம், குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

எண்ணெய் கூடுதலாக வேண்டும் என்று, பம்பை வேகமாகச் சுழற்ற மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஏற்றுவோரும் உண்டு. 50 ஹெர்ட்ஸிலிருந்து 60க்குப் போனால் பாய்வு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். பம்பு கேட்கும் மின்திறனோ ஏறத்தாழ 73 விழுக்காடு கூடும். அந்தச் சுமையை மோட்டார் தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

கேபிள் வேலைக்குப் பிறகு சுழலும் திசையைச் சரிபாருங்கள். தலைகீழாகச் சுழன்றாலும் பம்பு கொஞ்சம் திரவம் தரும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

எனக்கு மிகுந்த வேதனை தருவது கடைசித் தவறு: ரிக் எனும் தூக்கு கோபுரத்தைக் கொண்டுவந்து, பெருஞ்செலவில் மேலே தூக்கிய பம்பை உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது. உள்ளே இருக்கும் மணலும் படிவும்தான் சாட்சி. கழுவும் முன் படம் எடுங்கள், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் புட்டியில் அடைத்து, கிணற்றின் இலக்கத்தையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.