ஃபைபர் போட்டும் இரைச்சல் போகவில்லையா?

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று மெல்லிய உறுமல். நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் வருகிறது என்று யாரோ சொல்ல, நேராக ஃபைபர் (மின்சாரத்துக்குப் பதில் ஒளியில் தரவு அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள்) வாங்கப் போய்விடுகிறோம். முதல் தவறு அதுதான். லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்ட்ரீமரை (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) வைஃபையில் ஓடவிட்டுப் பாருங்கள். உறுமல் அப்படியே இருந்தால் ஃபைபரால் பயனில்லை. ஆம்ப்ளிஃபையரோடு சேரும் டிவி கேபிளிலோ, கம்ப்யூட்டரின் யுஎஸ்பி கேபிளிலோ கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இரண்டு வழியில் இணைந்து, அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடுவது) இருக்கலாம்.

பிடுங்கியதும் சத்தம் நின்றதா? சரி, அப்போதும் அவசரப்பட வேண்டாம். சாதாரண ஈதர்நெட் போர்ட்டுக்குள்ளேயே சிறு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. நேரடி மின்தொடர்பை அதுவே துண்டித்துவிடுகிறது. ஷீல்டு போட்ட கேபிளின் உலோக உறை இரண்டு முனையிலும் கிரவுண்டைத் தொட்டால்தான் அந்தப் பிரிப்பு வீணாகிறது. ஷீல்டு இல்லாத கேபிளை மாட்டினாலே சில சமயம் கதை முடிந்துவிடும். ஆனால் உயர் அதிர்வெண் இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மரையும் கொஞ்சம் தாண்டிக் கசியும். கண்ணாடி இழையில் மின்சாரமே ஓடாது என்பதால், ஃபைபருக்கு உண்மையான வேலை அங்கேதான்.

பலர் கோட்டைவிடுவது பவர் விஷயத்தில். ஃபைபரின் இரு முனையிலும் ஒளியையும் மின்சைகையையும் மாற்றித்தரும் மீடியா கன்வெர்ட்டர் பெட்டி இருக்கும்; ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வெர்ட்டருக்கும் ஒரு அடாப்டர் வேண்டும். அங்கிருந்து ஸ்ட்ரீமர் வரை மறுபடி செம்புக் கேபிள்தான். மலிவான அடாப்டர் என்றால் அதன் கசிவு மின்னோட்டமே புது இரைச்சலாக உள்ளே வரும். இரண்டு கன்வெர்ட்டருக்கும் ஒரே அடாப்டரிலிருந்து பவர் எடுப்பது இன்னும் மோசம், ஃபைபர் துண்டித்த மின்தொடர்பு பவர் வயர் வழியே திரும்பிவிடும்: முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி. ஸ்ட்ரீமரிலேயே எஸ்எஃப்பி ஸ்லாட் (ஒளியை அனுப்பி வாங்கும் சிறு மாட்யூலைச் செருகும் இடம்) இருந்தால் அந்தப் பக்கத்துக் கன்வெர்ட்டரே தேவையில்லை.

அப்புறம் ஜோடிப் பொருத்தம்: இரு முனை மாட்யூல்களும் ஒளியின் அலைநீளத்திலும் இழை வகையிலும் (தடித்த உட்கருவுள்ள மல்டிமோட், மெல்லிய உட்கருவுள்ள சிங்கிள்மோட்) ஒத்துப்போக வேண்டும். 850 நானோமீட்டர் மல்டிமோட் மாட்யூலை ஒரு பக்கமும் 1310 நானோமீட்டர் சிங்கிள்மோட் மாட்யூலை மறுபக்கமும் போட்டுவிட்டு, லிங்க் விளக்கு எரியவில்லை என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. வேகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரட்டை இழை என்றால் ஒரு பக்கத்து அனுப்பும் முனை மறுபக்கத்து வாங்கும் முனைக்குப் போக வேண்டும். 'தூரம் கூடினால் தரமும் கூடும்' என்று 80 கிலோமீட்டர் மாட்யூல் வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல; சில மீட்டர் இழையில் அதன் ஒளி வாங்கும் பக்கத்தைத் திணறடித்துவிடும். பச்சை நிற முனையை நீல முனையோடு சேர்க்காதீர்கள். ஒன்று சாய்வாகவும் மற்றது நேராகவும் தீட்டப்பட்டது.

ஃபைபர் போட்டதும் பாட்டின் தரவு 'சுத்தமாகிறது' என்ற நம்பிக்கையும் வேண்டாம். செம்பில் வந்தாலும் அதே பிட்கள்தான்; வழியில் தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) பெரும்பாலான ஸ்ட்ரீமிங்கில் டிசிபி என்ற நெட்வொர்க் விதிமுறை திரும்பக் கேட்டு வாங்கிவிடும்.

மாட்டும்போது முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து 'வெளிச்சம் வருகிறதா' என்று எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்.