பிரான்ஸ் கோடையில் வீட்டுச் சமையல்: வெயிலின் நேரம் தெரியாமல் செய்யும் தவறுகள்

பிரான்ஸில் கோடை நாட்களில் சமையலறையிலும் வீட்டிலும் நடக்கும் தவறுகளில் பல கடிகாரத்தை நம்புவதால் வருகின்றன. இங்கே கோடை முழுவதும் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஜூலையில் பாரிஸில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி பிற்பகல் 2-ஐ நெருங்கியிருக்கும். மேற்குக் கோடியில் உள்ள பிரெஸ்ட் நகரில் 2.20-ஐத் தாண்டிவிடும். வெப்பம் உச்சத்தைத் தொடுவது மாலை 4 முதல் 6 மணிக்குள். ஜூன் கடைசியில் பாரிஸில் இரவு 10 மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது.

மதியம் ஒரு மணி தாண்டினால் வெயில் தாழும், ஆறரைக்கு இருட்டும் என்று நம்மூரில் பழகியவர்கள் இங்கே வந்ததும் மாலை 7 மணிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். வெளியிலும் உள்ளேயும் அனல் குறையாத நேரம் அது.

ஜன்னலும் வெளிக்கதவும்

பழைய பிரெஞ்சு வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மரத்தாலோ இரும்பாலோ ஆன இன்னொரு கதவு இருக்கும். அதற்கு வோலே என்று பெயர். காற்று வரட்டும் என்று அதைப் பகலில் திறந்து வைப்பது முதல் தவறு. நம்மூர் வீட்டில் எதிரெதிர் ஜன்னல், முற்றம், மின்விசிறி என்று காற்று ஓட வழி உண்டு. இங்குள்ள கல் சுவர்கள் குளிரைத் தடுக்கக் கட்டியவை. மெதுவாகத்தான் சூடாகும். சூடானால் மெதுவாகத்தான் ஆறும். பகலில் உள்ளே வந்த அனல் இரவு முழுவதும் சுவரிலேயே தங்கும்.

காலை 6 மணி வாக்கில்தான் வெளிக்காற்று மிகக் குளிர்ச்சியாக இருக்கும். அப்போது எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். வெளியே உள்ளதைவிட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் கட்டத்தில், பெரும்பாலும் 9 மணிக்குள், கண்ணாடியையும் வோலேயையும் சேர்த்து மூடுங்கள். மறுபடி திறப்பது இரவில், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு. பல நாட்களில் அது 10 மணிக்கும் மேல் ஆகும். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு சாதாரண வெப்பமானிகள் இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

வோலே இல்லாத வீட்டில் உள்பக்கம் தடித்த திரை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு திரையில் படுகிறது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குத்தான் தருகிறது. வெளிப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும். பாரிஸில் துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் சிறு அறைகளில் இதைச் செய்யாமல் பகலைக் கழிப்பது கடினம். 2019 ஜூலை 25 அன்று அந்நகரில் 42.6 டிகிரி பதிவானது.

எதை எப்போது அடுப்பில் வைப்பது

மின் ஓவன் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வந்து சேரும். அணைத்த பிறகும் அரைமணி நேரத்துக்கு மேல் அனல் வீசும். அதனால் ஓவன் வேலையைக் காலை 8 மணிக்குள், ஜன்னல்கள் திறந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். செர்ரிப் பழத்தின் மேல் முட்டை, பால், மாவுக் கரைசலை ஊற்றிச் சுடும் கிளாஃபுத்தி போன்ற பண்டம் இதற்கென்றே அமைந்தது. செர்ரி 600 கிராம், முட்டை 4, சர்க்கரை 100 கிராம், மைதா 100 கிராம், பால் 300 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி 180 டிகிரியில் 40 நிமிடம். பழத்தைக் கழுவிய ஈரத்தோடு போட்டால் அடி சொதசொதக்கும். கொட்டையை எடுத்தால் சாறு கசிந்து மாவு நீர்த்துப் போகும். இந்தப் பண்டத்தின் ஊரான லிமூசேனில் கொட்டையோடுதான் சுடுகிறார்கள். சாப்பிடுபவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுடச்சுட வெட்டினால் உடையும். ஆறவிட்டு மதியம் பரிமாறுங்கள்.

ரட்டாட்டூய்: கூட்டு மாதிரி செய்யாதீர்கள்

கோடைக் காய்களை வைத்து நீஸ் நகரப் பக்கம் செய்யும் ரட்டாட்டூயில் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கத்தரி, சுக்கினி, குடைமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மூடி வேகவைப்பது. சுக்கினியும் தக்காளியும் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் கத்தரி வதங்காமல் வேகும். கடைசியில் நிறமும் மணமும் இல்லாத குழம்பு மிஞ்சும்.

நான்கைந்து பேருக்குக் கத்தரி 500 கிராம், சுக்கினி 500 கிராம், குடைமிளகாய் 400 கிராம், வெங்காயம் 300 கிராம், தக்காளி 800 கிராம், பூண்டு 4 பல் வேண்டும். காய்களை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். அகலமான வாணலியில் ஒவ்வொரு காயையும் தனித்தனியாக, ஒவ்வொரு முறையும் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் வதக்குங்கள். துண்டுகள் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். மேலே மேலே குவிந்தால் ஆவியில் வெந்துவிடும். குடைமிளகாய்க்கும் கத்தரிக்கும் 10 முதல் 12 நிமிடம், சுக்கினிக்கு 7 நிமிடம் ஆகும். சுக்கினிக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் அப்போதே தண்ணீர் விட்டுவிடும். கத்தரியில் மட்டும் அவசரம் கூடாது. அரைவேக்காட்டுக் கத்தரி ரப்பர் போல நின்று மொத்தப் பண்டத்தையும் கெடுத்துவிடும். அமுக்கினால் குழைகிற பதம் வரவேண்டும்.

பிறகு அதே வாணலியில் வெங்காயத்தைப் பத்து நிமிடம் வதக்கி, தோலுரித்த தக்காளியும் பூண்டும் தைம் தழையும் ஒரு லோரியே இலையும் (ஆங்கிலத்தில் பே லீஃப்) போட்டு, நீர் வற்றிக் கெட்டியாகும்வரை 20 நிமிடம் விடுங்கள். வதக்கிய காய்களைச் சேர்த்து, மூடாமல், சிறு தீயில் 15 நிமிடம் வைத்தால் போதும். அன்றே சூடாகச் சாப்பிடுவதைவிட மறுநாள் குளிர்ந்த நிலையில் ருசி கூடுதல். காலையில் செய்து வைக்க ஏற்றது.

லோரியே பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பிரிஞ்சி இலை வேறு மரம், இலவங்கப்பட்டையின் இனம். அதைப் போட்டால் மணம் மாறிவிடும், அவ்வளவுதான். ஆனால் தெற்கே தோட்ட வேலிகளில் லோரியே ரோஸ் என்றொரு செடி அடர்ந்து பூத்திருக்கும். அது நம்மூர் அரளியேதான், நஞ்சு. லோரியே செரீஸ் என்ற வேலிச்செடியும் நஞ்சுதான். பெயரில் லோரியே இருக்கிறதே என்று வேலியிலிருந்து இலை பறிக்கவே பறிக்காதீர்கள். கடையில் காய்ந்த இலை மலிவாகவே கிடைக்கிறது.

அடுப்பே இல்லாமல்

மிகச் சூடான நாட்களில் தபுலே செய்யலாம். பிரெஞ்சு வீடுகளில் இதைக் கூஸ்கூஸ் ரவையில் செய்கிறார்கள். ரவையில் வெந்நீர் ஊற்றி உப்ப வைப்பதுதான் வழக்கமான தவறு. ரவை குழைந்து சப்பென்று ஆகிவிடும். 250 கிராம் நடுத்தர ரவைக்கு 3 எலுமிச்சையின் சாறு, பொடியாக நறுக்கிய 500 கிராம் தக்காளி அதன் சாறோடு, பாதி வெள்ளரி, ஒரு கட்டு புதினா, ஒரு கட்டு பார்ஸ்லி, 5 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு. கலந்து மூடிக் குறைந்தது 3 மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். தக்காளியும் எலுமிச்சையும் விடும் சாற்றிலேயே ரவை ஊறிவிடும். நடுவில் ஒருமுறை கிளறிப் பார்த்து, வறட்சியாக இருந்தால் அரைக் குவளை குளிர்ந்த நீர் தெளிக்கலாம்.

சாலட்டுக்கான வினேக்ரெட்டில் எண்ணெயை முதலில் ஊற்றாதீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது. ஒரு பங்கு வினிகரில் உப்பைக் கரைத்து, கடுகு விழுது சேர்த்து, பிறகு மூன்று பங்கு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடியுங்கள். கீரை இலைகளில் ஈரம் இருந்தால் இது ஒட்டாமல் வழிந்துவிடும்.

தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும். பழுத்து உடையும் நிலையில் இருந்தால் மட்டும் உள்ளே வையுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஆழமான வரிகளோடு, சுருக்குப்பை வடிவில் ‘கேர் தெ பெஃப்’ என்று விற்கும் தக்காளி பெரும்பாலும் பிற்காலக் கலப்பினம். பழைய ரகம் இதய வடிவில், ஏறக்குறைய வழவழப்பாக, சதைப்பற்றோடு இருக்கும். விலை கொடுக்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தையும் ஆகஸ்ட் மாதமும்

வாரச் சந்தை காலை 8 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் முடிந்துவிடும். மாலையில் பை எடுத்துப் போய் வெறும் தெருவைப் பார்த்துத் திரும்புவோர் உண்டு. போனதும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் பழத்தைக் கையால் அமுக்கிப் பார்ப்பது கடைக்காரரைப் புண்படுத்தும். முலாம்பழம் வாங்கும்போது இன்றைக்கா, நாளை மறுநாளைக்கா என்று சொல்லுங்கள், அவரே பொறுக்கித் தருவார். கனமாகவும், காம்பைச் சுற்றி மெல்லிய வெடிப்போடும் இருப்பது பழுத்தது. வெட்டிய பழத்தை மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால் வெண்ணெய், பால் எல்லாமே முலாம்பழ வாசனை அடிக்கும்.

ஞாயிறு மதியம் 1 மணிக்குமேல் உணவுக் கடைகள் பல மூடிவிடும். ஜூலை 14-உம் ஆகஸ்ட் 15-உம் விடுமுறை. ஆகஸ்டில் பக்கத்துத் தெரு ரொட்டிக்கடை மூன்று, நான்கு வாரம் பூட்டியிருக்கலாம். பாரிஸில் 2014 வரை ரொட்டிக்கடைகள் ஜூலையில் பாதி, ஆகஸ்டில் பாதி என்று முறைவைத்துத்தான் விடுமுறை எடுக்க முடிந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை ஜூலையிலேயே படித்துவிடுங்கள். பாகெத் ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் மேல்தோல் நமுத்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப் போகும். பருத்தித் துணியில் சுற்றி அன்றே சாப்பிடுங்கள். மிஞ்சுவதை அன்றே துண்டாக்கி உறையவைத்தால் தேவைப்படும்போது டோஸ்டரில் போட்டு எடுக்கலாம்.

கெட்டுப்போவது

அரிசி சாலட் பிரெஞ்சுக் கோடையின் எளிய மதிய உணவு. சோற்றை மேடையில் வைத்து மெல்ல ஆறவிடுவதுதான் ஆபத்து. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அவை பெருகி நச்சை உண்டாக்கும், அதைச் சூடுபண்ணியும் போக்க முடியாது. அகலத் தட்டில் பரப்பி, ஆறியவுடன், அதிகம் போனால் 2 மணி நேரத்துக்குள், 4 டிகிரிக் குளிரில் வையுங்கள். மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டில் அடித்த மயோனெய்ஸில் இருப்பது பச்சை முட்டை. அன்றே சாப்பிட வேண்டியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். பிக்னிக் கூடைக்குள் அதற்கு இடமே இல்லை.

பொட்டலத்தில் உள்ள தேதியையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘ஆ கொன்சோமே ஜுஸ்கோ’ என்றால் அந்த நாளோடு சரி, மறுநாள் தூக்கிப்போட வேண்டும். ‘தெ பிரெஃபேரான்ஸ்’ என்ற சொல் சேர்ந்திருந்தால் அதன் பிறகும் சாப்பிடலாம், சுவைதான் குறையும்.

வீட்டில் முதியவர் இருந்தால்

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பலர் வீட்டில் தனியாக இருந்தவர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருப்பதே தவறு. மணிக்கொரு முறை சிறு குவளைத் தண்ணீர், நடுவே முலாம்பழம், வெள்ளரி, குளிர்ந்த சூப் என்று நீங்களே நீட்டுங்கள். அறை 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் வறண்ட தோலில் மின்விசிறிக் காற்று குளிர்ச்சி தராது. முகத்தையும் கைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காற்றுப் படவிட வேண்டும். தனியாக இருப்பவரின் பெயரை மேரியில், அதாவது நகரமன்றத்தில், பதிந்து வைத்தால் வெப்ப எச்சரிக்கை நாட்களில் அவர்களே தொடர்புகொண்டு விசாரிப்பார்கள்.

பேச்சு குழறினாலோ, இடம் நேரம் தெரியாமல் தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ உடனே மருத்துவ அவசர எண்ணான 15-ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை நிழலான அறையில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த நீரில் நனைத்த துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.