"காலை வேகமா அடி!" என்று கத்துவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பலர் ஆற்றில் நீந்திப் பழகிவிட்டுத்தான் நீச்சல் குளத்துக்கு வருகிறார்கள். சிலர் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் இறங்கியவர்கள். (அங்கே விடவே விடாதீர்கள், கரையை விட்டதும் கிடுகிடு ஆழம்.) தண்ணீர்ப் பயம் இல்லை, தம்மும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் போட்டியில் 50 மீட்டர் ஃபிரீஸ்டைலில் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறார்கள். கரையிலிருந்து அப்பா, "காலை வேகமா அடிடா தம்பி!" என்கிறார். அவனும் அடிக்கிறான், இன்னும் பின்தங்குகிறான்.

முதலில் முழங்காலைப் பாருங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் அதை வயிற்றுப் பக்கம் மடக்கினால், தொடை தண்ணீரைக் குறுக்கே மறித்து வேகத்தைக் குறைத்துவிடும். உதை இடுப்பிலிருந்து கிளம்ப வேண்டும். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்க, கடைசியில் பாதம் சொடுக்க வேண்டும். குதிகால் மேற்பரப்பைக் கலக்கினால் போதும். தண்ணீர் தெறிக்க அடிப்பது பார்வைக்குத்தான் வேகம்.

ஃபிரீஸ்டைலில் உடம்பை முன்னே கொண்டுபோவதில் பெரும்பங்கு கைகளுக்கே. உடம்பு கிடைமட்டமாக மிதக்கக் கால் உதவுகிறது. தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனை வாரிக் குடிக்கும். குறுந்தூரத்தில் இரு கையும் ஒருமுறை சுற்றுவதற்குள் ஆறு உதை வழக்கம். 1500 மீட்டரில் இரண்டோடு நீந்துபவர்கள் உண்டு. எல்லாத் தூரத்துக்கும் ஒரே வேகத்தில் அடிக்கச் சொன்னால் பிள்ளை களைத்துத்தான் போவான்.

பல நேரம் கோளாறு காலிலேயே இல்லை. ஆற்றில் தலையைத் தூக்கி நீந்தியே பழக்கம். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் மூழ்கும். மிதவைப் பலகையைப் பிடித்து, தலை நிமிர்த்தி, சுற்றுச் சுற்றாக உதைக்கவிடுவதும் அதே பழக்கத்தைத்தான் வளர்க்கும். பலகையை வாங்கி வைத்துவிட்டு, கை நீட்டி, குளத்தின் தரையைப் பார்த்தபடி உதைக்கச் சொல்லுங்கள். பிறகு மல்லாந்து உதைக்கட்டும். முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் தப்பு எங்கே என்று அவனுக்கே புரியும்.

பந்து விளையாடும் பிள்ளைகளுக்குக் கணுக்கால் பெரும்பாலும் இறுகியிருக்கும். பாதம் நீளாமல் கொக்கிபோல் நின்றால் எவ்வளவு உதைத்தாலும் நகராது. மண்டியிட்டுக் குதிகால்மேல் மெதுவாக உட்காரும் பயிற்சி உதவும், வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

சுவரைத் தள்ளியதும் உடனே மேலே வருவதும் நஷ்டம்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் டேவிட் பெர்காஃப் மல்லாந்து, நீருக்கடியில் டால்பின் உதையிலேயே (இரு காலையும் சேர்த்து அடிப்பது) நெடுந்தூரம் போய் உலக சாதனை நேரம் எடுத்தார். பின்னர் விதியே மாறியது; இப்போது ஃபிரீஸ்டைலிலும் மல்லாந்த நீச்சலிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். சிறுவர்களுக்கு நான்கைந்து உதை போதும். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற பந்தயம் மட்டும் வேண்டாம். நினைவு தப்பினால் சத்தமே கேட்காது.

தவளை நீச்சலில் முழங்காலின் உள்பக்கம் வலிப்பதாகச் சொன்னால் "பொறுத்துக்கோ" என்காதீர்கள். அந்த உதையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.