பென் டிரைவ் மூலம் விண்டோஸ் 7 நிறுவுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் பொதுவாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14 அன்றோடு நின்றுவிட்டன. ஆனாலும் அதை நிறுவ வேண்டிய தேவை பலருக்கு இன்னும் இருக்கிறது. ஓர் ஆய்வகக் கருவியோ, பழைய ஸ்கேனரோ, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவரும் ஒரு மென்பொருளோ புதிய விண்டோஸில் இயங்க மறுக்கும்போது, அந்த ஒரு வேலைக்காகவே ஒரு கணினியைப் பழைய இயங்குதளத்தில் வைத்திருப்பது நியாயமான முடிவுதான். டிவிடி டிரைவ் இல்லாத கணினிகளே இப்போது அதிகம் என்பதால், பென் டிரைவிலிருந்து நிறுவும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. ஓர் இயங்குதளம் வெளியான காலத்துக்குப் பிறகு வந்த வன்பொருள்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நிறுவும்போது குறுக்கிடும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே எழுகின்றன. ஆகவே உழைப்பின் பெரும்பகுதியை முன்தயாரிப்பில் செலவிடுங்கள். அது சரியாக அமைந்தால், நிறுவும் கட்டம் தானாகவே ஓடி முடியும்.

கணினி பொருத்தமானதா?

மைக்ரோசாஃப்ட் அறிவித்த குறைந்தபட்சத் தேவை மிக எளிமையானது. 1 கிகாஹெர்ட்ஸ் செயலி போதும். 32 பிட் பதிப்புக்கு 1 ஜிபி ரேமும் 16 ஜிபி வட்டு இடமும், 64 பிட் பதிப்புக்கு 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும். இன்றைய கணினிகள் எல்லாமே இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும் என்றாலும், உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. இன்டெல் செயலிகளில் ஆறாம் தலைமுறைக்குப் பிந்தையவற்றை விண்டோஸ் 7 முறைப்படி ஆதரிப்பதில்லை. அவற்றின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு உரிய டிரைவரும் (வன்பொருளை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) பெரும்பாலும் கிடைக்காது. எனவே 2010க்கும் 2015க்கும் இடையில் வந்த ஒரு கணினியைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரேம் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் 64 பிட் பதிப்பே பொருத்தமானது, ஏனெனில் 32 பிட் விண்டோஸ் 7 அந்த அளவுக்கு மேற்பட்ட ரேமைப் பயன்படுத்தாது. ஆனால் நீங்கள் இணைக்கப்போகும் பழைய கருவிக்கு 32 பிட் டிரைவர் மட்டுமே இருக்கிறது என்றாலோ, 16 பிட் காலத்து மென்பொருளை இயக்க வேண்டும் என்றாலோ, 32 பிட் பதிப்பைத் தவிர வேறு வழியில்லை. எந்தக் கருவிக்காக இந்த வேலையில் இறங்குகிறீர்களோ, அந்தக் கருவியின் தேவையே இதைத் தீர்மானிக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி அளவுள்ள ஒரு பென் டிரைவ், விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 (பின்னர் வந்த திருத்தங்களின் தொகுப்பு) சேர்ந்த ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் டிவிடியின் முழு நகலான ஒரே கோப்பு), முறையான ப்ராடக்ட் கீ (உரிம எண்), டிரைவர்களைப் போட்டு வைக்க இன்னொரு பென் டிரைவ், இணைய வசதியுள்ள மற்றொரு கணினி ஆகியவை வேண்டும்.

ஐஎஸ்ஓ கோப்பு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இதைப் பொதுவாக வழங்குவதை நிறுத்திவிட்டதால், எங்கிருந்தோ கிடைக்கும், யாரோ மாற்றியமைத்த கோப்புகளைப் பலர் நாடுகிறார்கள். அவற்றின் உள்ளே என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் அறிய வழியே இல்லை. உங்களிடமோ தெரிந்தவரிடமோ இருக்கும் அசல் டிவிடியை, டிவிடி டிரைவ் உள்ள ஒரு கணினியில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றிக்கொள்வதே நம்பகமான வழி. ப்ராடக்ட் கீ பெரும்பாலும் கணினிப் பெட்டியின் பக்கவாட்டிலோ மடிக்கணினியின் அடிப்புறத்திலோ ஒட்டியிருக்கும். ஹோம் பிரீமியம், புரொஃபெஷனல் என்று அதில் எந்தப் பதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறதோ, அதே பதிப்பைத்தான் நிறுவ வேண்டும்.

கணினியில் இருக்கும் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல்களில் சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பின்வரும் படிகளில் ஹார்ட் டிஸ்க் அழிக்கப்படும். அழிந்ததை மீட்பது உறுதியில்லை.

பென் டிரைவைத் தயாரித்தல்

இதற்கு ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருள் போதுமானது. இதை விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் இயக்குங்கள். பென் டிரைவைச் செருகி ரூஃபஸைத் திறந்தால், மேலே அதன் பெயரும் கொள்ளளவும் தெரியும். வேறு பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், ஏனெனில் தேர்ந்தெடுத்த டிரைவில் உள்ள அனைத்தையும் ரூஃபஸ் அழித்துவிடும். அடுத்து, செலக்ட் பொத்தானை அழுத்தி ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்கடுத்த வரியான பார்ட்டிஷன் ஸ்கீம். வட்டைப் பகுக்கும் முறைகளான எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு தேர்வுகள் அதில் இருக்கும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்ளமைந்த மென்பொருளே பயாஸ்; யூஇஎஃப்ஐ அதன் புதிய வடிவம். பழைய பயாஸ் முறையில் தொடங்கும் கணினி எம்பிஆர் முறையில் பகுக்கப்பட்ட வட்டிலிருந்தும், யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினி ஜிபிடி வட்டிலிருந்தும் விண்டோஸைத் தொடங்கும். விண்டோஸ் 7 பயாஸ் காலத்து இயல்புகளோடு வந்தது. அதன் 64 பிட் பதிப்பால் யூஇஎஃப்ஐ முறையிலும் தொடங்க முடியும் என்றாலும், திரையைக் காட்டுவதற்கு அதற்குப் பழைய பயாஸின் உதவி வேண்டியிருக்கிறது. ஆகவே ஹார்ட் டிஸ்க் 2 டிபிக்கு மேற்பட்டதாக இல்லாவிட்டால், எம்பிஆர் தேர்வையும் அதற்கு இணையான பயாஸ் தேர்வையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. 2 டிபி என்பது எம்பிஆர் முறையின் உச்ச எல்லை. ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் ஆகவே இருக்கட்டும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால், சில நிமிடங்களில் பென் டிரைவ் தயாராகிவிடும்.

பயாஸ் அமைப்புகள்

கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தொடர்ந்து தட்டினால் பயாஸ் திரை திறக்கும். செக்யூர் பூட் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்; அது விண்டோஸ் 8 காலத்தில் புழக்கத்துக்கு வந்த பாதுகாப்பு முறை, விண்டோஸ் 7 அதை அறியாது. பழைய பயாஸ் முறையில் கணினியைத் தொடங்கவைக்கும் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற அமைப்பை இயக்குங்கள். உங்கள் கணினியில் அந்த அமைப்பே இல்லையென்றால், அதில் விண்டோஸ் 7 நிறுவும் எண்ணத்தைக் கைவிட்டு, விர்ச்சுவல் மெஷின் (இருக்கும் இயங்குதளத்துக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினி) ஒன்றில் நிறுவிப் பயன்படுத்துவதே விவேகம். ஹார்ட் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ ஆக இருக்கட்டும்.

மாற்றங்களைச் சேமித்து வெளியேறிய பின், கணினி மீண்டும் தொடங்கும்போது பூட் மெனுவை வரவழைக்க வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி கணினிகளில் எஃப்9. வரும் பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்து, அவற்றில் ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருந்தால், அந்தச் சொல் இல்லாத மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

யூஎஸ்பி 3.0 என்னும் தடை

பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கும், விண்டோஸ் சின்னம் தெரியும், மொழியைக் கேட்கும் திரையும் வரும். இன்ஸ்டால் நவ் பொத்தானை அழுத்தியவுடன், சிடி அல்லது டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி தோன்றும். டிவிடியே இல்லாத கணினியில் டிவிடி டிரைவரைக் கேட்பதால், ஐஎஸ்ஓ கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் மீண்டும் மீண்டும் பென் டிரைவைத் தயாரிக்கிறார்கள். பெரும்பாலும் கோப்பில் எந்தக் குறையும் இருப்பதில்லை.

நடப்பது இதுதான்: தொடக்கக் கட்டத்தில் பென் டிரைவைப் படித்துக் கொடுப்பது பயாஸ். நிறுவும் மென்பொருள் நினைவகத்தில் ஏறியதும், பயாஸை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு பென் டிரைவைப் படிக்க முயல்கிறது. விண்டோஸ் 7 தொகுப்பில் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் இல்லை. விண்டோஸ் 8தான் அதை முதன்முதலில் உள்ளடக்கி வந்தது. அதனால், நிறுவும் மென்பொருள் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ, அந்தப் பென் டிரைவே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதே காரணத்தால் சில கணினிகளில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செயலற்றுப்போகும்.

எளிய தீர்வு, பென் டிரைவை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுவது. பொதுவாக 3.0 போர்ட்டின் உட்புறம் நீல நிறத்திலும், 2.0 போர்ட்டின் உட்புறம் கறுப்பு நிறத்திலும் இருக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால், ஒரு போர்ட்டில் முடியாவிட்டால் மற்றவற்றையும் முயன்று பாருங்கள். பிழைச் செய்தி வந்த நிலையிலேயே பென் டிரைவைக் கழற்றி 2.0 போர்ட்டில் செருகி, அந்தச் சாளரத்தை மூடி, இன்ஸ்டால் நவ் பொத்தானை மறுபடி அழுத்தினாலும் பல நேரங்களில் வேலை நடந்துவிடும்.

ஆறாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் இது உதவாது. அவற்றின் மதர்போர்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட்டிலிருந்து பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்பாட்டுப் பகுதி நீக்கப்பட்டுவிட்டதால், கறுப்பு போர்ட்டும் உள்ளே யூஎஸ்பி 3.0 பகுதியோடுதான் இணைந்திருக்கும். அத்தகைய கணினிகளுக்கு, யூஎஸ்பி 3.0 டிரைவரை நிறுவல் கோப்புகளுக்குள்ளேயே முன்கூட்டிச் சேர்க்க வேண்டும். சில மதர்போர்டு நிறுவனங்கள் இதற்கென்றே சிறிய மென்பொருள்களை வெளியிட்டன. உங்கள் மதர்போர்டின் ஆதரவுப் பக்கத்தில் விண்டோஸ் 7 பிரிவில் தேடிப் பாருங்கள். என்விஎம்இ என்னும் புதிய, வேகமான வகை எஸ்எஸ்டி இருந்தால் அதற்கும் இதே நிலைதான். கேபி 2990941 என்னும் திருத்தத்தை நிறுவல் கோப்புகளில் சேர்த்தாலன்றி அந்த எஸ்எஸ்டி பட்டியலில் தெரியாது. தொடக்க நிலையில் இருப்பவர் இந்த இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல்.

நிறுவுதல்

மொழி, நேர வடிவம், விசைப்பலகை ஆகியவற்றைத் தேர்ந்து, உரிம விதிகளை ஏற்றுக்கொண்ட பின், அப்கிரேட், கஸ்டம் என்னும் இரண்டில் கஸ்டம் தேர்வைச் சொடுக்குங்கள். வரும் திரையில் ஹார்ட் டிஸ்கின் பார்ட்டிஷன்கள் (வட்டுப் பகுதிகள்) பட்டியலிடப்பட்டிருக்கும். டிரைவ் ஆப்ஷன்ஸ் என்பதைச் சொடுக்கி, பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷன்களை டெலீட் செய்து, நியூ என்பதன் மூலம் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதோடு 100 எம்பி அளவில் சிஸ்டம் ரிசர்வ்டு என்னும் சிறு பார்ட்டிஷன் ஒன்றும் தானாக உருவாகும். கணினி தொடங்குவதற்கான கோப்புகள் அதில்தான் வைக்கப்படும் என்பதால் அதைத் தொடாதீர்கள். வட்டு ஜிபிடி முறையில் இருப்பதால் நிறுவ முடியாது என்ற செய்தி வந்தால், அந்த வட்டின் எல்லாப் பார்ட்டிஷன்களும் நீக்கப்பட்டு, வட்டு எம்பிஆர் முறைக்கு மாற்றப்பட வேண்டும் என்று பொருள்.

கோப்புகள் நகலெடுக்கப்பட்ட பின் கணினி தானாக மீண்டும் தொடங்கும். அப்போது பென் டிரைவிலிருந்து தொடங்க ஏதேனும் விசையை அழுத்தும்படி திரை கேட்டால், எதையும் அழுத்தாமல் விட்டுவிடுங்கள். அழுத்தினால் முதல் திரையிலிருந்தே எல்லாம் மறுபடி தொடங்கும். பயனர் பெயர், கடவுச்சொல், ப்ராடக்ட் கீ ஆகியவற்றைக் கொடுத்ததும் டெஸ்க்டாப் வந்துவிடும்.

நிறுவிய பின்

முதலில் திரை மங்கலாகவும் எழுத்துகள் பெரிதாகவும் தெரியலாம், இணையமும் கிடைக்காமல் இருக்கலாம். இரண்டாவது பென் டிரைவ் உதவுவது இப்போதுதான். சிப்செட், நெட்வொர்க், கிராஃபிக்ஸ், யூஎஸ்பி 3.0 என்ற வரிசையில் டிரைவர்களை நிறுவுங்கள்.

அடுத்து, விண்டோஸ் அப்டேட் இயங்காமல் பிழை காட்டும். 2019 முதல் மைக்ரோசாஃப்ட் தன் புதுப்பிப்புகளை எஸ்ஹெச்ஏ-2 என்னும் புதிய டிஜிட்டல் முறையில் மட்டுமே கையொப்பமிடுகிறது; சர்வீஸ் பேக் 1 மட்டும் உள்ள விண்டோஸ் 7 அந்தக் கையொப்பத்தை அறியாது. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து கேபி 4490628, அதன் பின் கேபி 4474419 ஆகிய இரண்டு திருத்தங்களையும் வேறு கணினியில் பதிவிறக்கி, இந்த வரிசையிலேயே நிறுவுங்கள்.

உலாவியாக ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பை நிறுவலாம். குரோம் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7க்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆனால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றை இந்தக் கணினியில் திறக்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை இனி யாரும் இதில் அடைக்கப்போவதில்லை. ஆக்டிவேஷன் (ப்ராடக்ட் கீயை மைக்ரோசாஃப்ட் சரிபார்த்தல்) முடிந்த பிறகு, தேவையில்லையென்றால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுவதே சிறந்த பாதுகாப்பு.

எல்லாம் சரியாக இயங்குகிறது என்று உறுதியானதும், கண்ட்ரோல் பேனலில் உள்ள பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பகுதிக்குச் சென்று, கிரியேட் எ சிஸ்டம் இமேஜ் என்பதன் மூலம் முழுக் கணினியின் நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள். நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவையும் அழிக்காமல் வைத்திருங்கள். பின்னாளில் ஹார்ட் டிஸ்க் பழுதானால், அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முதல் திரையின் கீழே உள்ள ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் என்பதைச் சொடுக்கினால், டிரைவர்கள் உட்பட அனைத்தையும் அந்த நகலிலிருந்து புதிய ஹார்ட் டிஸ்கில் மீட்டுக்கொள்ள முடியும்.