கேப் வகை டூயல் துப்பாக்கிப் பெட்டியைச் சோதிப்பது எப்படி?

கேப் என்பது அடித்தால் வெடித்துத் துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்பு மூடி. டூயல் என்றால் இருவர் நேருக்கு நேர் நின்று சுடுவது. இருவருக்கும் சமமான ஆயுதம் வேண்டும் என்பதால் ஒரு பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் பெட்டி ஒன்று ஏலத்துக்கு வந்து, உங்கள் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் குழலில் குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மரக்கோல் ஒன்றை உள்ளே விட்டு, குழல்வாய் நேரே அடையாளமிடுங்கள். வெளியே எடுத்துக் குழலோடு வைத்தால் கேப் மாட்டும் முனை வரைக்கும் எட்ட வேண்டும். எட்டவில்லையா? உள்ளே ஏதோ இருக்கிறது. கீழே வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நூறாண்டு கடந்த வெடிமருந்தும் வெடிக்கும்.

2. அடுத்து விசைப்பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அமைப்பு. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807-இல் அடித்து வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். சக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டு வேட்டைப் பறவைகள் பறந்துவிடுவதுதான் அவருடைய கவலை! செம்புக் கேப் அதன்பின் வந்தது. பழைய கல் துப்பாக்கிகள் பலவற்றைக் கேப்புக்கு மாற்றினார்கள். பூட்டுத் தகட்டில் அடைத்த திருகுத் துளைகள் தெரிந்தால் அது மாற்றியது. அதை மோசடி என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்திலேயே நல்ல பட்டறைகள் செய்த வேலை அது. விலை மட்டும் வேறு.

3. குழலில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எட்டுப் பட்டை, வெளிச்சம் பட்டுக் கண் கூசாதபடி பழுப்பேற்றிய மேற்பரப்பு. குழலின் அடிப்பாகத்தில் பிளாட்டினச் செருகல் இருந்தால் உயர்ந்த வேலை. மருந்துப் புகை அதை அரிக்காது. உள்ளே டார்ச் அடியுங்கள். ஆங்கிலேயர் பெரும்பாலும் வழவழப்பான குழலையே நேர்மையானது என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் குண்டு சுழன்று குறி தவறாமல் போக உள்ளே வரிவெட்டிய குழலை விரும்பினார்கள். அப்படியும் சில ஆங்கிலக் குழல்களில் மயிரிழை வரிகளை வாய்வரை கொண்டுவராமல் உள்ளேயே நிறுத்தியிருப்பார்கள். திருட்டுத்தனம்தான்!

பிறகு சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்தபின் அடித்த முத்திரை. கிரீடத்தின் கீழ் 'ஜிபி' (GP), 'வி' (V) என்றால் லண்டன். கிரீடத்தின் கீழ் 'பிபிசி' (BPC) என்றால் 1813-க்குப் பிந்தைய பர்மிங்காம். முட்டை வடிவத்துக்குள் 'இஎல்ஜி' (ELG) என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். லண்டன் கடைப் பெயரும் பர்மிங்காம் முத்திரையும் சேர்ந்து வருவது சகஜம்.

4. விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். இவற்றில் பல, தொட்டாலே விழும்படி அமைத்தவை. வெறுமனே அடித்தால் முனை நசுங்கும்.

5. இப்போது பெட்டி. ஆங்கிலப் பெட்டியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய அறைகள் இருக்கும். பிரெஞ்சுப் பெட்டியில் ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் பள்ளம் குடைந்திருப்பார்கள். மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப் டப்பா, முனை கழற்றும் சாவி எல்லாம் இடத்தில் உட்காருகின்றனவா? துணியில் பதிந்த தழும்பு இந்தத் துப்பாக்கியுடையதா? மூடியின் உட்புறச் சீட்டில் உள்ள பெயரையும் குழலில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மேன்டன் என்று இரண்டிலும் இருந்தால் போதாது: லண்டனில் அண்ணன் ஜானும் தம்பி ஜோசப்பும் தனித்தனியாகத் துப்பாக்கித் தொழில் நடத்தியவர்கள். ஜோசப் 1826-இல் திவாலானார்.

கேப் நிலைபெற்ற காலத்தில் இங்கிலாந்தில் டூயல் வழக்கமே ஒழிந்துகொண்டிருந்தது. 1852-க்குப் பிறகு அங்கே டூயலில் உயிர்ப்பலி இல்லை. பல ஜோடிகள் குறி பார்த்துச் சுடும் பயிற்சியோடு நின்றவை. ஆகவே 'இது ஒருவரைக் கொன்ற துப்பாக்கி' என்று விற்பவர் சொன்னால் காகிதச் சான்று கேளுங்கள்.

6. வாங்கிவிட்டால் பாலிஷ் போடாதீர்கள். பழுப்பு நிறம் உரிந்தால் பாதி மதிப்பும் அதோடு போகும். மெல்லிய துணியில் துளி எண்ணெய் போதும்.