பெயரில்லாத பழைய பெஞ்ச் வைஸ்: யார் செய்தது என்று தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காலையில் ஒரு சுற்று வந்தால், பழைய ஸ்பேனர்களுக்கு நடுவே துருப்பிடித்த பெஞ்ச் வைஸ் (பட்டறை மேசையில் பொருத்தி, பொருளை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றாவது கண்ணில் படும். கொஞ்சம் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தால் போதும், “ரெக்கார்ட், இங்கிலாந்து சாமான்” என்று விலை ஏறிவிடும். ஷெஃபீல்டு சி. அண்டு ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் ரெக்கார்ட் வைஸ் நீலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்து இந்தியாவிலும் சீனாவிலும் நிறைய வார்த்திருக்கிறார்கள். நீலப் பெயிண்ட்டோ எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நிறத்தை வைத்து ஆளைச் சொல்வது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நடக்கிறது. கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி, பளபளவென்று ஆகும்வரை தேய்ப்பது. வைஸில் பெயர் பெரும்பாலும் வார்ப்போடு சேர்ந்த புடைப்பு எழுத்தாகவோ, லேசாகக் குத்திய முத்திரையாகவோ இருக்கும். பட்டறைகளில் மேலே மேலே பெயிண்ட் அடித்து அதை மூடியிருப்பார்கள். ‘பெயரே இல்லை’ என்று விற்கப்படும் வைஸ்களில் பலவற்றுக்குப் பெயர் பெயிண்ட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. குத்திய முத்திரைமேல் கிரைண்டர் ஓடினால் அது போனது போனதுதான். பெயிண்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடம் அப்போது எழுத்தாக நிற்கும். சாக்பீஸைத் தேய்த்து மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். துரு அதிகமென்றால் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கலாம்; நல்ல இரும்பு தேயாது. ஆனால் பாசிட்டிவ் பக்கத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும்.

முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதும் உண்டு. முன் தாடையை முழுக்க வெளியே இழுத்து, சறுக்கிப் போகும் தண்டின் அடிப்பக்கம், தாடைத் தகட்டின் முதுகு, அடிப்பீடத்தின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். சிகாகோவில் 1941இல் தொடங்கிய வில்டன் கம்பெனியின் வைஸ்களில், தண்டு சுழலாமல் தடுக்க அதன் அடியில் உள்ள ‘சாவி’ என்ற கட்டையில் தேதி குத்தியிருக்கும். அதைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய வில்டன்களில் அது ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி.

எழுத்து கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் ஊரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காகத்தின் கால்தடம் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறி கம்பெனி முத்திரை இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே அந்த அம்பு இருந்தால் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை. பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்ததால், அப்படியொன்று இந்தப் பக்கம் கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதேபோல் ‘எஃப்.எம்.எஸ்.ஆர்.’ என்று குத்தியிருந்தால் அது பழைய மலாய் மாநிலங்களின் ரயில்வே. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த கோலாலம்பூர் செந்தூல் பட்டறை அவர்களுடையதுதான். போருக்குப் பிறகு ‘மலாயன் ரயில்வே’ என்று பெயர் மாறியது. ஆக, அந்த எழுத்து வைஸின் வயதை ஓரளவு சொல்லும், செய்தவனைச் சொல்லாது. தனியாக நிற்கும் எண்ணும் அப்படித்தான். அது வார்ப்பு அச்சின் எண்ணாக இருக்கலாம், மாடல் எண்ணாக இருக்கலாம். ரெக்கார்ட் 3ஆம் நம்பர் வைஸின் தாடை 3 அங்குலம் இல்லை, 4 அங்குலம்.

மரை, அதாவது திருகில் சுற்றி ஓடும் புரி, அந்த விஷயத்தில்தான் விவரம் தெரிந்தவர்களே வழுக்குகிறார்கள். தாடைத் தகட்டின் திருகைக் கழற்றி, கையிலிருக்கும் அமெரிக்க நட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். சுலபமாக ஏறுகிறது. உடனே “அமெரிக்க வைஸ்!” ஆனால் கால் அங்குலத் திருகில் பழைய பிரிட்டிஷ் மரை முறையான விட்வொர்த்துக்கும் அங்குலத்துக்கு 20 மரை, அமெரிக்க மரை முறையான யு.என்.சி.க்கும் 20. பதினாறில் ஐந்து அங்குலத்தில் இரண்டுக்கும் 18, எட்டில் மூன்று அங்குலத்தில் இரண்டுக்கும் 16. முக்கியமாக மாறுவது மரையின் கோணம்தான்: விட்வொர்த்துக்கு 55 டிகிரி, மற்றதற்கு 60. அந்த வித்தியாசத்தை ஒரு தளர்வான நட் காட்டிக்கொடுக்காது. அரை அங்குல போல்ட் ஒன்று கிடைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். விட்வொர்த் 12, யு.என்.சி. 13. அடிப்பீடத்தை இறுக்கும் போல்ட் பல வைஸ்களில் அந்த அளவில் இருக்கும், அதை முதலில் கழற்றிப் பாருங்கள். விட்வொர்த் என்று உறுதியானாலும் இங்கிலாந்து என்று குதிக்க வேண்டாம். இந்தியாவிலும் ஜப்பானிலும் அதே மரைதான் நெடுங்காலம் ஓடியது. போல்ட்டே பிற்பாடு மாற்றியதாகவும் இருக்கலாம், அதனால் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருந்து, அதை அழுத்தினால் தாடை சரக்கென்று நகர்கிறதா? உடனே ரெக்கார்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி நட்டை (திருகை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் நட்டை) திருகிலிருந்து விலக்கும் இந்த ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே யார்க்‌ஷயர் ஷிப்லியில் பார்க்கின்சன் செய்துவிட்டார். பின்னால் ரெக்கார்ட், வோடன், பாராமோ என்று பலரும் செய்தார்கள். நெம்புகோல் இருப்பதை விட, அதன் வடிவமும் பாதி நட் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும்தான் பேசும்.

கடைசியாக, யாரிடமாவது கேட்கும்போது முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்பி “இது என்ன பிராண்ட், அண்ணே?” என்றால் யாருக்கும் சொல்ல முடியாது. இரண்டு பக்கவாட்டுப் படம், அடிப்பக்கம், தாடையைக் கழற்றிவிட்டு நட்டின் படம், தாடையின் அகலம், எடை இவ்வளவும் வேண்டும். முன்பாதியின் வார்ப்புச் சொரசொரப்பும் பின்பாதியினுடையதும் ஒத்துப்போகிறதா என்று அனுப்பும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள். உடைந்த இரண்டு வைஸை ஒன்றாகச் சேர்த்து விற்பதும் நடக்கிறது.